பாதிப் பனை உயரத் தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பூமியை அடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. நான் நேராக அடிக்கவில்லை. அதற்கென்று ஒருவர் இருந்தார். அவர் ஓர் இரும்புப் பலகையைத் தரையில் போட்டுச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தம் மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று நான் கணக்குப் போடுவேன். இதுதான் உத்தியோகம் என்றால் அம்பத்தூரில் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. "பிசிக்ஸ் படிச்சுட்டு மண்ணை அடிக்கப் போறாளாமே" என்று பக்கத்து வீட்டு அம்மாள் என் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

மூன்றாவது ஆள் எங்கள் மேலதிகாரி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டு, மூன்று தடவையும் கிடைக்காமல், குடிதண்ணீர்க் கிணற்றுக்கு இடம் பார்க்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் வந்து விழுந்தவர். எண்ணெய் ஆசை மட்டும் அவரை விடவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜீப்பில் மற்றவர்கள் சாமி படம் ஒட்டுகிற இடத்தில் செருகி வைத்திருந்தார்.

அந்தக் கட்டுரை சொன்ன விஷயம் எளிமையானது. இறுகிய மண்ணில் சத்தம் வேகமாக ஓடும், தொளதொளவென்ற மண்ணில் மெதுவாக ஓடும். ஆழம் போகப் போக மேல்மண்ணின் பாரத்தில் கீழ்மண் நசுங்கி இறுகுவதால் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். எங்கேயாவது கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்றால், அங்கே மண்ணின் நுண்துளைகளில் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, மேல்பாரத்தைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதாவது அழுத்தம் அதிகம். அங்கே துளை போட்டால் தண்ணீர் சும்மா இருக்காது, சீறிக்கொண்டு மேலே வரும்.

பத்தாயிரம் அடி ஆழத்து எண்ணெய்க் கிணறுகளுக்காக எழுதிய கட்டுரை அது. நாங்கள் தோண்டப்போவது நூற்றிருபது அடி. "அளவுதாம்மா வேற, பூமி ஒண்ணுதானே?" என்பார் மேலதிகாரி. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பூமிக்குள் என்ன அழுத்தம் இருக்கிறது என்று தோண்டாமலே சொல்லப்போகிறவள் நான் என்ற நினைப்பே எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. ஆகவே நானும் பூமி ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

சம்மட்டிக்காரருக்கு வயது இருபத்தெட்டு. ஆவடிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு அவர் வீட்டில் எல்லோரும் வயல்வேலையை விட்டுவிட்டு ஆளுக்கொரு கேட்டுக்குள் போய்விட்டார்கள். இவர் மட்டும் கேட்டே இல்லாத எங்கள் வேலைக்கு வந்தார். அவர் ஓங்கி அடிப்பதைப் பார்த்தால் எனக்கே பூமியின்மேல் பரிதாபம் வரும். ஆனால் பேச ஆரம்பித்தால் இவ்வளவு சாதுவா என்று ஆச்சரியமாக இருக்கும். பூந்தமல்லியில் ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் தன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். என்ன ஆதாரம் என்று கேட்டேன். திருவிழாவில் ஒரு தடவை இவரைப் பார்த்துச் சிரித்தாளாம்.

பெண்ணின் அப்பா பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டி வண்டிப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு தடவை பெண் கேட்டுப் போய் இரண்டு தடவையும் அவர் முடியாது என்றுவிட்டார். காரணம், சம்மட்டிக்காரர் இருந்த தெரு. பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் முப்பது வீடுகள் இருந்த தெரு அது. மேலாகக் கிணறு எது தோண்டினாலும் உப்பு, நல்ல தண்ணீர் இருந்தால் நூறு அடிக்குக் கீழேதான். ஏரி வற்றிவிட்டால் பெண்கள் நல்ல தண்ணீருக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்க வேண்டும்.

"தண்ணி இல்லாத தெருவுல என் பொண்ண குடுத்துட்டு, அது கொடத்த தூக்கிக்கினு ஏரிக்கரை பூரா நடக்கறத நான் பாக்கணுமா?" என்று கேட்டாராம் அந்த அப்பா. நியாயம்தானே என்று சம்மட்டிக்காரரே எங்களிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

ஆகவே அதே தெருவுக்குக் கிணறு தோண்ட எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தபோது மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் சம்மட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில் வேலை ஆரம்பமாயிற்று. பூமியின் அதிர்வைக் கேட்கிற கருவிக்கு ஜியோபோன் என்று பெயர். கைக்குள் அடங்கும், அடியில் விரல் நீளத்துக்கு ஓர் ஆணி இருக்கும். நாங்கள் அதைக் 'காது' என்போம். மொத்தம் பன்னிரண்டு காதுகள். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக வரிசையாகத் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றுவதும் சம்மட்டிக்காரரின் வேலைதான். நான் வரிசையின் தொடக்கத்தில், குடைக்குக் கீழே, பதிவுப் பெட்டிக்கு முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

"காது ஆடவே கூடாது. ஆடினா எல்லாம் கெட்டுப்போயிடும். நிமிர்ந்து கெட்டியா நிக்கணும்" என்று அதட்டினேன்.

"நிக்கும்மா. நான் நிக்க வெக்கறேன்" என்றார்.

நின்றது. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் கடைசிக் காதுவரைக்கும் ஒரே நேர்க்கோடு. அவர் அடித்தார். பெட்டிக்குள் ஒளிப்படக் காகிதம் ஓடிப் பன்னிரண்டு கோடுகளை வரைந்தது. எந்தக் காதுக்குச் சத்தம் எப்போது போய்ச் சேர்ந்தது என்று அதில் தெரியும்.

முறைப்படி ஒரு முனையில் அடித்த பிறகு மறுமுனையிலும் அடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கை நம்பலாம். மறுமுனையில் ஓர் எருமைக் கொட்டகை இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு போனதும் அதன் சொந்தக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இங்க தொம்மு தொம்முன்னு அடிச்சீங்கன்னா என் எருமைங்க பால அடக்கிக்கும். அப்பறம் உங்க ஆபீசா வந்து கறந்து குடுக்கும்?"

எருமைகளோடு மல்லுக்கட்ட மேலதிகாரிக்குத் தெம்பில்லை. "ஒரு பக்கம் போதும்மா" என்றார். எனக்கும் வெயிலில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. போதும் சார் என்று பெட்டியை மூடிவிட்டேன். அந்தப் 'போதும்' இன்றைக்கு நினைவுக்கு வந்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

அலுவலகத்துக்கு வந்து கணக்குப் போட்டேன். முதல் ஐந்து காதுகள் மேல்மண்ணின் வேகத்தைச் சொல்கின்றன, அது சரியாக இருந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை, அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கீழே இறங்கி ஓடி வருவதால், ஆழத்து மண்ணின் வேகம். அங்கே, இருக்க வேண்டிய வேகத்தில் எட்டில் ஒரு பங்கு காணோம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் காணோம்.

மேலதிகாரி வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். கட்டுரையைப் பார்த்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "ஏம்மா, அழுத்தம்மா! வாழ்நாள்ல பார்ப்பேன்னு நெனைக்கலம்மா!" என்றார். அவர் கண்கள் ஈரமாகிவிட்டன. கணக்கின் அடியில் என் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

அவர் போட்ட கணக்கின்படி குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகவே மேலே வந்து, தரைக்கு மேல் பாதிப் பனை உயரம் எழும்ப வேண்டும். இதைக் கணக்கோடு நிறுத்தியிருக்கலாம். பருத்திப்பட்டு டீக்கடையில் சொன்னார். டீக்கடையிலிருந்து அது தெருவுக்குப் போயிற்று, தெருவிலிருந்து ஆவடி பஸ்ஸில் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கியது.

மூன்றாம் நாள் பட்டறைக்காரரே நேரில் வந்து நின்றார். எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை அவர். கையில் முழக்கோல்.

"பாதிப் பனைன்னா எந்தப் பனை சார்?" என்று கேட்டார்.

மேலதிகாரி ஏரிக்கரையில் நின்ற ஒரு பனையைக் காட்டினார். பட்டறைக்காரர் கூட வந்த ஒருவரை மரத்தில் ஏறச் சொல்லிக் கயிற்றைத் தொங்கவிட்டு உயரத்தை அளந்தார். அதில் பாதியில் கரியால் ஒரு கோடு போடச் செய்து, கீழே இருந்து அண்ணாந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பம்பு கிம்பு ஒண்ணும் வாணாமா?"

"வேண்டாம். தானா பீச்சி அடிக்கும்."

"அப்ப சரி. தண்ணி வரட்டும், மறு வெள்ளிக்கிழமை தாலி. ஆனா அந்தப் படத்துல ஒண்ணு எனக்குக் குடுத்துடுங்க சார்."

என் வரைபடத்தின் நீலநிறப் பிரதி ஒன்று அவர் கைக்குப் போயிற்று. அடுத்த வாரம் நிச்சயதாம்பூலம். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், கதம்பம், வாழைப்பழம், அவற்றுக்கு நடுவே சுருட்டி நூல் கட்டிய என் வரைபடம். ஒரு கிழவர் அதை ஜாதகம் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்து, "கட்டத்தையே காணோமே" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த கர்வத்தில் கால் தரையில் படவில்லை.

அதற்குள் தோண்டுகிற ஏற்பாடுகள் நடந்தன. சீறி வருகிற தண்ணீரை அடக்க, துளைக்குள் கனமான சேற்றுக்குழம்பை நிரப்பிக்கொண்டே தோண்ட வேண்டும். குழம்புக்குக் கனம் கொடுக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. கடப்பையிலிருந்து அது லாரியில் வந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கீழே அழுத்தம் இருந்தால் இந்தக் குழம்பு காவல். அழுத்தம் இல்லாவிட்டால் அதே குழம்பு தன் கனத்தால் மணலுக்குள் புகுந்து கெட்டியாக அடைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் இறைத்தாலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் வராது. முப்பது வீட்டுத் தண்ணீரும் ஒருவர் கல்யாணமும் என் கணக்கின்மேல் உட்கார்ந்திருந்தன. மூட்டைகளைப் பார்க்கப் பார்க்க, அந்த மறுமுனை என்னை உறுத்த ஆரம்பித்தது.

தோண்டுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது எருமைக்காரியிடம் போய்க் கெஞ்சினேன். பகல் பதினொரு மணிக்கு எருமைகள் ஏரியில் மிச்சமிருந்த குட்டையில் போய்ப் படுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அடித்துக்கொள்ளலாம் என்றாள். நானும் சம்மட்டிக்காரரும் மட்டும் போனோம். அவர் பழையபடியே காதுகளை ஊன்றினார். இந்தத் தடவை அடிக்க வேண்டியது மறுமுனை என்பதால், முதல் முறையாக நான் குடையை விட்டு எழுந்து வரிசையோடு நடந்தேன்.

ஐந்தாவது காதுவரை ஆணி மண்ணுக்குள் ஒழுங்காக இறங்கியிருந்தது. ஆறாவது காதுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு ஏதோ உருண்டை. ஏழாவதற்குக் கீழே கொஞ்சம் பெரிய உருண்டை. பத்தாவது தேங்காய் அளவு. பன்னிரண்டாவது காது ஒரு சின்னப் பூசணி அளவு சாணி உருண்டையின் உச்சியில், மார்கழிக் கோலத்தில் பூ வைத்த மாதிரி, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"இது என்ன?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சாணிம்மா."

"சாணின்னு தெரியுது. எதுக்கு?"

"அந்தாண்ட தரை பாறை மாரி கீதும்மா. ஆணி எறங்கல, ஆடுது. ஆடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஊட்ல அருகம்புல்ல சாணில சொருகி புள்ளையார் புடிப்போம் இல்ல, அது நாள் பூரா ஆடாம நிக்கும். அதான் இப்டி வெச்சேன்."

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"அன்னிக்கும்தான். இதவிட பெருசாவே வெச்சேன். கொட்டாயாண்ட போகப் போக சாணி ஜாஸ்தியா கெடைக்குது பாருங்க."

எனக்கு மூக்குமேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று அது மூக்கையும் தாண்டிப் போயிற்று. அவரைத் திட்டினேன், எருமையைத் திட்டினேன், பிள்ளையாரை மட்டும் விட்டுவிட்டேன். மண்ணில் ஓடிவருகிற சத்தம் சாணிக்குள் நுழைந்தால் நொண்டும். தூரம் போகப் போக உருண்டை பெரிதானதால் நொண்டலும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. காணாமல் போன எட்டில் ஒரு பங்கு வேகம் பூமிக்குள் எங்கும் போகவில்லை, இந்த உருண்டைகளுக்குள்தான் இருந்தது. திட்டி முடித்த பிறகுதான், எழுந்து போய் ஒரு தடவை பார்க்காமல் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் யார் என்பது எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கடப்பாரையால் குத்தித் துளை போட்டு, தண்ணீர் ஊற்றி, பன்னிரண்டு காதையும் மண்ணில் ஊன்றினோம். இரண்டு முனையிலும் அடித்தார். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேகம் இருக்க வேண்டியபடி இருந்தது. அழுத்தம் என்று விசேஷமாக ஒன்றும் இல்லை. நூறு அடிக்குக் கீழே மணல் இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்கிறது. துளை போட்டால் அது ஏறி வந்து, தரைக்கு இருபது அடி கீழே சாதுவாக நின்றுவிடும்.

இதைச் சொன்னதும் சம்மட்டிக்காரர் இரும்புப் பலகையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் வெச்ச சாணிலதான் எனக்குக் கல்யாணமே நிச்சயம் ஆச்சா?"

"ஆமாம்."

"இப்ப சாணிய எடுத்துட்டீங்க."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அவர் தெருப் பக்கம் பார்த்தார். "அந்த வெள்ளப் பொடிய போட்டா தண்ணி அடைச்சிக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சாராண்ட சொல்லிடுங்கம்மா" என்று எழுந்தார்.

மேலதிகாரி புதிய கணக்கை இரண்டு தடவை படித்தார்.

"சாணியா?"

"சாணிதான் சார்."

"பசுவா, எருமையா?"

"எருமை சார்."

"பசுஞ்சாணியா இருந்தா இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காதோ என்னவோ" என்று முணுமுணுத்தார். பிறகு ஜீப்பில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார், குழம்பை நீர்க்கக் கரைத்தால் போதும் என்றார். நல்ல மனிதர். "ஆனா அந்தப் பட்டறைக்காரர்கிட்ட நான் சொல்லமாட்டேன். பனைமரத்தை அளந்த ஆளு அவரு" என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் நானும் சம்மட்டிக்காரரும் பூந்தமல்லி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் பாடம் பண்ணிக்கொண்டே வந்தார். "மொதல்ல வெயிலப் பத்திப் பேசறேன். அப்பறம் மெதுவா சாணிக்கு வர்றேன்." பட்டறையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அவர் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு துருத்தியைப் பற்றி, பட்டடைக் கல்லைப் பற்றி, சம்மட்டிக்கு எந்த மரத்தில் பிடி போட்டால் நல்லது என்பதைப் பற்றிப் பேசினார். அரைமணி நேரம் ஆயிற்று, சாணி வருகிற வழியாகத் தெரியவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே மூச்சில் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பட்டறைக்காரர் எழுந்து உள்ளே போனார். சாமி படங்களுக்கு நடுவே வைத்திருந்த என் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

"அப்ப இத்தினி நாளு நான் சாணிக்கா கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்?"

சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "கெளம்புப்பா. கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி இல்லாத தெருவுக்கு என் பொண்ண அனுப்பமாட்டேன்" என்றார். சம்மட்டிக்காரர் எழுந்து நின்றார். அந்தப் பெரிய உடம்பு அப்படிக் குறுகிப்போய் நான் பார்த்ததில்லை.

அப்போது பின்கட்டிலிருந்து அந்தப் பெண் வந்தாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது, இடுப்பில் குடம். குடத்தை இறக்கிவைத்துவிட்டு நேராக என்னிடம் கேட்டாள்.

"அக்கா, தண்ணி கீதா, இல்லியா?"

"இருக்கு. நல்ல தண்ணி. ஆனா தானா மேல வராது. இருபது அடி கீழ நிக்கும். கைப்பம்பு போட்டு அடிக்கணும்."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "நைனா, நம்ப கெணத்துல எத்தினி அடில தண்ணி?"

"அம்பது" என்றார்.

"யாரு எறைக்கறது?"

அவர் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"காலைல பத்து கொடம், சாய்ந்தரம் பத்து கொடம். ஊட்டுக்கு, பட்டறைக்கு, உன் குளியலுக்கு. பன்னண்டு வயசுலேந்து எறைக்கறேன். பொண்ணு கொடம் தூக்கக் கூடாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கினு கீறியே, அங்க போயி பனைமரத்த அளந்துட்டு வந்தியே, ஒருவாட்டி இந்தக் கயித்த அளந்துகீறியா?"

உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். கயிறு அறுத்த தடம் குறுக்கே கறுப்பாக ஓடியது. பிறகு சம்மட்டிக்காரரைப் பார்த்து, "தானா வர்ற தண்ணிய யாரு போயி நிறுத்தறது? தெரு பூரா சேறு. இருபது அடின்னா நான் அடிச்சிக்கறேன். நீ மொதல்ல என்னாண்ட வந்து கேட்டிருக்கலாம்ல?" என்றாள். சாணி எதற்கென்று எனக்கு விளக்கியபோது இருந்த அதே மரியாதையோடு அவர் தலையாட்டினார்.

அவள் என்னைக் குற்றமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் குழாய் உண்டு. சமையலறையிலிருந்து குளியலறைக்கு மேல் நான் தண்ணீர் சுமந்ததில்லை. பருத்திப்பட்டுத் தெருவில் குடத்தோடு போன பெண்களிடம் நான் பேசிய ஒரே பேச்சு, "வரிசைப் பக்கம் நடக்காதீங்க, அதிர்வு வரும், சுத்திப் போங்க" என்பதுதான். ஒரு மைல் நடந்து வந்தவர்களை இன்னும் முந்நூறு அடி சுற்றவிட்டிருக்கிறேன். அதை நினைத்து வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கப்படுகிறேன்.

பட்டறைக்காரர் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். கிணற்றுக் கயிற்றைக் கையில் பிடித்து முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "வெள்ளிக்கிழமைதான?" என்று உள்ளேயிருந்தே கேட்டார்.

கிணறு தோண்டிய அன்று பூந்தமல்லியிலிருந்து உறவுக்கூட்டம் வந்துவிட்டது. விஷயம் தெரிந்திருந்தும் இரண்டு பேர் எதற்கும் இருக்கட்டும் என்று குடை விரித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் பத்தொன்பது அடியில் வந்து நின்றது. குடித்துப் பார்த்தோம், உப்பு இல்லை. மேலதிகாரி, நான் சொன்னதற்கும் வந்ததற்கும் ஓர் அடிதான் வித்தியாசம் என்று எல்லோரிடமும் பெருமையடித்தார். பாதிப் பனையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாலி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கைப்பம்பு பொருத்தினார்கள், தெருவே கூடிவிட்டது. புதுப்பெண் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "அடி நைனா" என்றாள். பட்டறைக்காரர் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பை அடித்தார். வேர்த்து விறுவிறுத்து ஒரு குடம் நிரம்பியது. அவள் புருஷனைப் பார்த்தாள். சம்மட்டிக்காரர் வந்து குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கூட்டத்தில் பெண்கள் சிரித்த சிரிப்பு ஏரிக்கரைவரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த குடம் நிரம்பியதும் அவள் சுற்றிலும் பார்த்தாள். நான் கையில் கணக்கு நோட்டோடு ஜீப் பக்கத்தில் நின்றிருந்தேன். "அக்கா, சும்மாதான நிக்கறீங்க? இத்த எருமக்கார அம்மா ஊட்ல வெச்சிடுங்க" என்று என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். நோட்டை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். எருமைக்காரி வீடு தெருக்கோடியில். நான்காவது வீடு தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும் போலாகிவிட்டது, புடவை முழுக்க ஈரம். போய் இறக்கிவைத்தபோது குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. எருமைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கம்மா?" என்று கேட்டாள்.